முதல் சாரணர் கோடை முகாம்: பிள்ளைக்கு அங்கே என்ன கிடைக்கிறது, பெற்றோர் எப்படித் தயார் செய்வது?

நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கிச் சொன்னால் இப்படி: 11 வயது மகன் சாரணர் படையில் சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகின்றன, கோடை விடுமுறையில் ஒரு வார முகாமுக்கு அழைத்திருக்கிறார்கள், அவன் இதுவரை ஓரிரவுகூடப் பெற்றோரைப் பிரிந்து தங்கியதில்லை, ஓடியாடி விளையாடுவதைவிட உட்கார்ந்து படிப்பதே அவனுக்குப் பிடிக்கும், அங்கே அவன் மகிழ்ச்சியாக இருப்பானா, பாதுகாப்பாக இருப்பானா, எதையெல்லாம் வாங்கிக் கொடுத்தனுப்ப வேண்டும்? சாரணர் முகாம்களை நடத்துவதில் நெடுங்காலமாகப் பங்கெடுத்து வருபவன் என்ற முறையில் என் விடை, அனுப்புங்கள் என்பதுதான். ஆனால் முகாம் எப்படி நடத்தப்படுகிறது என்று விசாரித்துவிட்டு அனுப்புங்கள். அதற்கு ஓர் எளிய அளவுகோல் உண்டு: அன்றாட வேலைகளில் எவ்வளவு பங்கு பிள்ளைகளின் கையில் விடப்படுகிறது என்று கேளுங்கள். கூடாரம் அடிப்பது, சமைப்பது, வழி கண்டுபிடிப்பது என எல்லாவற்றையும் பெரியவர்களே செய்து முடித்துவிட்டுப் பிள்ளைகளை வேடிக்கை பார்க்க வைக்கும் முகாமில், எத்தனை கேளிக்கைகளை ஏற்பாடு செய்திருந்தாலும் சில நாட்களிலேயே சலிப்புத் தட்டிவிடும்.

இந்த அளவுகோல் சாரணர் இயக்கத்தின் பிறப்பிலேயே இருக்கிறது. 1907 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பூல் துறைமுகத்திலுள்ள பிரவுன்சீ தீவில், ராபர்ட் பேடன்-பவல் என்ற ராணுவத் தளபதி, ஏறத்தாழ இருபது சிறுவர்களைக் கூட்டி ஒரு சோதனை முகாம் நடத்தினார். வசதி படைத்த குடும்பத்துப் பள்ளி மாணவர்களையும் உழைக்கும் குடும்பத்துச் சிறுவர்களையும் வேண்டுமென்றே கலந்து அழைத்திருந்தார். அவர்களை ஓநாய், காளை, கர்லூ என்ற நீர்ப்பறவை, அண்டங்காக்கை என்ற பெயர்களில் நான்கு அணிகளாகப் பிரித்து, ஒவ்வோர் அணிக்கும் அவர்களுள் ஒருவனையே தலைவனாக்கி, அணியின் ஒழுங்குக்கு அவனைப் பொறுப்பாக்கினார். ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்த குடு மானின் முறுக்குக் கொம்பை ஊதித்தான் காலையில் எழுப்பினார்கள். தீ மூட்டுவது, தடம் பார்ப்பது, உயிர் காப்பது என்று ஒவ்வொரு நாளும் ஒரு துறை. அடுத்த ஆண்டு, 1908-இல், அவருடைய கையேடு பகுதி பகுதியாக வெளிவந்தபோது, அதைப் படித்த சிறுவர்கள் எவருடைய உத்தரவுக்கும் காத்திராமல் தாங்களே அணி சேர்ந்தார்கள். இயக்கம் அப்படித்தான் பரவியது. பெரியவர்கள் திட்டமிட்டுக் கொடுத்ததைவிட, பிள்ளைகள் பிடித்துக்கொண்டதால் வளர்ந்த இயக்கம் இது.

இன்றும் ஒரு நல்ல முகாமின் உயிர்நாடி அணிதான். ஆறு முதல் எட்டுப் பேர், அவர்களில் சற்று மூத்த ஒருவன் தலைவன், இன்னொருவன் துணைத்தலைவன். தண்ணீர் கொண்டுவருவது, விறகு சேர்ப்பது, சமைப்பது, பாத்திரம் கழுவுவது, அணியின் நாட்குறிப்பை எழுதுவது என்று வேலைகள் நாள்தோறும் கைமாறும். இந்தச் சிறிய எண்ணிக்கைக்குக் காரணம் உண்டு. நாற்பது பேர் கொண்ட கூட்டத்தில் கூச்ச சுபாவமுள்ள பிள்ளை ஒரு மூலையில் ஒதுங்கி ஒரு வாரத்தைக் கழித்துவிட முடியும். எட்டுப் பேரில் அது நடக்காது. அவன் தண்ணீர் கொண்டுவராவிட்டால் சோறு வேகாது என்பதால், மற்ற ஏழு பேரும் அவனைத் தேடி வருவார்கள். உங்கள் மகனைப் போன்ற படிப்பாளிப் பிள்ளைகளைப் பற்றி நீங்கள் அஞ்சவே வேண்டாம். வரைபடத்தைப் பொறுமையாகப் படிப்பவன், தாவரத்தின் இலையை உற்றுப் பார்த்துப் பெயர் சொல்பவன், நடந்ததை ஒழுங்காக எழுதி வைப்பவன் ஆகியோர் இல்லாத அணி ஓடுவதில் எவ்வளவு வேகமாக இருந்தாலும் வழி தவறித்தான் போகும்.

நாளின் ஒழுங்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அதிகாலையில் எழுந்து, உடற்பயிற்சி, காலை உணவு, கூடாரங்களைப் பார்வையிடுதல், கொடியேற்றம். நண்பகல் வரை பயிற்சிகள். வெயில் உச்சியில் கட்டாய ஓய்வு. பிற்பகலில் நீச்சல், நடைப்பயணம், விளையாட்டு. இரவு பாசறைத் தீ. மழை வந்தால் எல்லாம் மாறும்.

முகாமில் பிள்ளைகளை அதிகமாக ஈர்ப்பது எது என்று என்னைக் கேட்டால், கயிற்றையும் கழிகளையும் கொண்டு பொருட்களைக் கட்டும் வேலையைத்தான் சொல்வேன். ஆணியோ சுத்தியலோ இல்லாமல், மூன்று கழிகளை இணைத்து ஒரு முக்காலி. அதன் மேல் கை கழுவும் பாத்திரம். இவ்வளவு எளிய பொருள்தான். ஆனால் அதைச் செய்யும்போது என்ன நடக்கிறது என்று பாருங்கள். இரண்டு கழிகளைக் குறுக்கும் நெடுக்குமாக வைத்துக் கட்டும் சதுரக் கட்டுக்கு, முதலில் நிற்கும் கழியில், குறுக்குக் கழிக்குச் சற்றுக் கீழே, குளோவ் ஹிட்ச் என்ற முடிச்சைப் போட வேண்டும். பிறகு கயிற்றைக் குறுக்குக் கழியின் முன்னும் நிற்கும் கழியின் பின்னுமாக மூன்று சுற்று சுற்ற வேண்டும். ஒவ்வொரு சுற்றும் முந்தையதன் மேல் ஏறாமல் பக்கத்தில் படிய வேண்டும். அதன் பின்னர் இரு கழிகளுக்கும் இடையே, சுற்றிய கயிற்றின் மேலேயே, இரண்டு சுற்று இறுக்கிச் சுற்ற வேண்டும். கட்டின் பலம் முழுவதும் இந்த இடைச்சுற்றில்தான் இருக்கிறது; புதிதாகக் கற்கும் பிள்ளைகள் பெரும்பாலும் அவசரப்பட்டுத் தளர்வாக விட்டுவிடுவதும் இதையேதான். தளர்வாக விட்டால், பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றியதும் முக்காலி மெல்லச் சாய்ந்து படுத்துவிடும். யாரும் திட்ட வேண்டியதில்லை. தவற்றைக் கழியே காட்டிவிடுகிறது. பிள்ளை கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டுகிறான். இரண்டாம் முறை கட்டியது நிற்கும்போது அவன் முகத்தில் தெரியும் நிறைவு, எவரும் தட்டிக்கொடுத்து வருவதன்று. முக்காலியிலிருந்து மேசை, மேசையிலிருந்து கண்காணிப்புக் கோபுரம், ஓடையின் மேல் கயிற்றுப் பாலம் என்று அடுத்தடுத்த ஆண்டுகளில் அது வளரும்.

தீ மூட்டுவதிலும் இதே பாடந்தான். தீப்பிடிக்க எரிபொருள், காற்று, வெப்பம் மூன்றும் வேண்டும் என்று பள்ளியில் படித்த பிள்ளை, முதல்முறை கட்டைகளை நெருக்கி அடுக்கி, காற்று போக வழியில்லாமல் செய்து, தீக்குச்சிகளைத் தீர்த்துவிடுவான். காய்ந்த புல்லும் மெல்லிய பட்டையும் முதலில், விரல் பருமனுக்கும் குறைந்த சுள்ளி அடுத்து, கட்டை கடைசியில் என்ற வரிசையைக் கைதான் கற்றுக்கொள்கிறது. சுள்ளி காய்ந்திருக்கிறதா என்பதை ஒடித்துப் பார்த்து அறியலாம்: 'படக்' என்று முறிந்தால் எரியும், வளைந்தால் புகையும். மழைக்குப் பிறகும், மரத்தோடு நிற்கும் காய்ந்த கிளைகள் தரையில் கிடப்பவற்றைவிட உலர்ந்திருக்கும். சமையல் முதல் நாள் அடிப்பிடிக்கும். கவலை வேண்டாம், அதையும் அவர்கள் உண்பார்கள். நான் கண்டிப்பாக இருப்பது ஒன்றில்தான்: கூடாரத்துக்குள் எந்தச் சுடரும் கூடாது. துணி நொடியில் பற்றிக்கொள்ளும் என்பதோடு, மூடிய இடத்தில் எரியும் அடுப்பிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை.

உங்கள் மகனுக்கு மிகவும் பிடிக்கப் போவது வரைபடமும் திசைகாட்டியும் கொண்டு செல்லும் நடைப்பயணம் என்று நினைக்கிறேன். வரைபடத்தில் ஒரே உயரத்திலுள்ள இடங்களை இணைக்கும் சமவுயரக் கோடுகள் நெருங்கியிருந்தால் ஏற்றம் செங்குத்து, விலகியிருந்தால் சரிவு மெல்லியது என்பதைத் தாளில் படிப்பது ஒன்று; அந்தக் கோடுகள் நெருங்கும் இடத்தில் தன் முழங்கால் வலிப்பதை உணர்வது வேறு. ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நைஸ்மித் 1892-இல் வகுத்த கணக்கு இன்றும் பயன்படுகிறது: மணிக்கு 5 கிலோமீட்டர் நடை, அதோடு ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். இது திடமான பெரியவர்களுக்கான கணக்கு; சுமை தூக்கிய சிறுவர்களுக்கு இன்னும் தாராளமாக நேரம் விட வேண்டும். நூறு மீட்டருக்குத் தன் காலடிகள் எத்தனை என்று ஒவ்வொரு பிள்ளையும் முன்கூட்டியே எண்ணி வைத்துக்கொள்வான். பனிமூட்டத்தில் எவ்வளவு தூரம் வந்தோம் என்று சொல்ல அது உதவும். திசைகாட்டியைக் கத்திக்கோ கைப்பேசிக்கோ அருகில் பிடித்தால் ஊசி விலகும். அதைவிட முக்கியமாக, காந்த ஊசி காட்டும் வடக்கும் வரைபடத்தின் வடக்கும் ஒன்றல்ல. அந்த வேறுபாடு இடத்துக்கு இடம் மாறுகிறது, ஆண்டுக்கு ஆண்டு சிறிது நகரவும் செய்கிறது. வழி தவறினால், அணி நின்று, உட்கார்ந்து, கடைசியாக உறுதியாகத் தெரிந்த இடம் எது என்று பேசித் தீர்மானிக்க வேண்டும். உடன் வரும் பெரியவர் அந்த நேரத்தில் வாய் திறக்காமல் இருப்பது பெரிய கலை. ஆபத்து இல்லாத வரை, தவறான பாதையில் கால் மணி நேரம் நடக்க விடுபவரையே நல்ல சாரண ஆசிரியர் என்பேன்.

உட்கார்ந்தபடியே செய்யும் செயல்களும் உண்டு. கிம் விளையாட்டு என்று ஒன்று. இருபது, இருபத்து நான்கு சிறு பொருட்களைத் துணியில் பரப்பி, ஒரு நிமிடம் பார்க்கவிட்டு, மூடிவிடுவார்கள். நினைவிலிருப்பதை எழுத வேண்டும். முதல் நாள் பாதியைக்கூட எழுத முடியாத பிள்ளைகள், நாட்கள் செல்லச் செல்லப் பொருட்களைத் தங்களுக்குள் தொகுத்துப் பார்க்கும் உத்தியைத் தாங்களே கண்டுபிடிக்கிறார்கள். பிறகு அதே கண் ஈரமண்ணில் பதிந்த குளம்பையும் நகத்தையும் வேறுபடுத்திப் பார்க்கத் தொடங்கும். இரவில் விண்மீன்கள். கண் இருட்டுக்கு முழுதும் பழக இருபது முதல் முப்பது நிமிடங்கள் வேண்டும். நடுவில் ஒருவன் கைவிளக்கை அடித்தால் எல்லோரும் மறுபடி தொடங்க வேண்டியதுதான். சப்தரிஷி மண்டலத்தின் முன்விளிம்பிலுள்ள இரண்டு விண்மீன்களை இணைக்கும் கோட்டை, அவற்றின் இடைவெளியைப் போல் ஐந்து மடங்கு நீட்டினால் துருவ நட்சத்திரம் கிடைக்கும். நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே அது தெரியாது. அங்கே தென்சிலுவை என்ற விண்மீன் கூட்டத்தை வைத்துத் தெற்கைக் காண்பார்கள்.

பாசறைத் தீயைப் பற்றி நீண்ட நேரம் பேசலாம், ஆனால் அது அனுபவித்தே அறிய வேண்டியது. பாட்டு, குறுநாடகம், கதை, கடைசியில் சிறிது மௌனம். பகலில் வாய் திறக்காத பிள்ளை தீயின் முன் எழுந்து நடித்துவிடுவதை அடிக்கடி பார்க்கிறேன்.

இனி வீட்டு ஏக்கம். அது வரும். நோயாகவோ கோழைத்தனமாகவோ அதை எண்ண வேண்டாம்; அன்பான வீட்டிலிருந்து வருபவனுக்கு அது இயல்பு. வேலை நடக்கும்போது அது தலைகாட்டாது. உணவு வேளையிலும், ஓய்வு நேரத்திலும், படுக்கப் போகும் முன்னரும்தான் நெஞ்சை அடைக்கும். முகாமுக்கு முன்னதாகவே உறவினர் வீட்டிலோ நண்பன் வீட்டிலோ சில இரவுகள் தங்க வைத்துப் பழக்குங்கள். அந்த இரவுகளில் தொலைபேசியில் அழைத்து நலம் விசாரிக்காதீர்கள். இன்னொன்றையும் அழுத்திச் சொல்கிறேன்: "பிடிக்காவிட்டால் சொல், உடனே வந்து அழைத்துக்கொண்டு போகிறேன்" என்று வாக்குக் கொடுக்க வேண்டாம். நீங்கள் ஆறுதலாகச் சொல்வது, "உன்னால் முடியாது என்று எனக்குத் தோன்றுகிறது" என்றே அவன் காதில் விழும். முதல் இரவிலிருந்தே அவன் அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டிருப்பான். அதற்குப் பதிலாக, ஏக்கம் வந்தால் என்ன செய்வாய் என்று அவனிடமே கேட்டு, இரண்டு மூன்று வழிகளை முடிவு செய்துகொள்ளுங்கள்: அணித்தலைவனிடம் சொல்வது, வீட்டுக்குக் கடிதம் எழுதுவது, கொண்டுபோன புத்தகத்தைச் சிறிது படிப்பது. ஆனால் ஏக்கம் வேறு, அச்சம் வேறு. யாராவது தன்னை அடித்தாலோ, மிரட்டினாலோ, தொடக் கூடாத விதத்தில் தொட்டாலோ, ரகசியமாக வைத்துக்கொள்ளச் சொன்னாலோ, அதை உடனே இன்னொரு பெரியவரிடமும் உங்களிடமும் சொல்ல வேண்டும் என்றும், அப்போது நீங்கள் எந்த நேரத்திலும் வருவீர்கள் என்றும் தெளிவாகச் சொல்லி அனுப்புங்கள். இந்த வாக்கைக் கொடுத்தே ஆக வேண்டும்.

பாதுகாப்பைப் பொறுத்தவரை, படைப் பொறுப்பாளரிடம் கூச்சமின்றிக் கேளுங்கள். நல்ல பொறுப்பாளர் இக்கேள்விகளை வரவேற்பார்; எரிச்சல்படுபவரிடம் பிள்ளையை ஒப்படைக்க நான் சம்மதிக்க மாட்டேன். எந்தப் பெரியவரும் ஒரு பிள்ளையுடன் தனிமையில் இருக்கக் கூடாது என்ற விதி நடைமுறையில் இருக்கிறதா? முதலுதவி கற்றவர் எப்போதும் முகாமில் இருப்பாரா, மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வாகனம் தயாராக இருக்குமா? நீரில் இறங்கும் முன் ஒவ்வொருவரின் நீச்சல் திறனையும் சோதிக்கிறார்களா, இருவர் இருவராக இணைத்து, ஒருவருக்கு ஒருவர் பொறுப்பாக்கி, குறித்த இடைவெளியில் ஊதலடித்துக் கணக்கெடுக்கிறார்களா? குடிநீர் எங்கிருந்து வருகிறது? ஐயத்துக்கிடமான நீரென்றால், கொப்புளித்துக் கொதிக்கத் தொடங்கிய பின் ஒரு நிமிடமாவது, 2,000 மீட்டருக்கு மேற்பட்ட உயரங்களில் மூன்று நிமிடங்களாவது கொதிக்க வைக்க வேண்டும். கழிப்பிடம் நீர்நிலையிலிருந்து 60 மீட்டருக்கு அப்பால் இருக்க வேண்டும். மின்னலுக்கு என்ன ஏற்பாடு என்பதையும் கேளுங்கள்: மின்னலைக் கண்டு முப்பது விநாடிக்குள் இடி கேட்டால் உறுதியான கட்டடத்துக்கோ மூடிய வாகனத்துக்கோ போய்விட வேண்டும், கடைசி இடி ஓய்ந்து அரை மணி நேரம் ஆகும் வரை வெளியே வரக் கூடாது. கூடாரம் மின்னலிலிருந்து காக்காது. உங்கள் பங்குக்கு, மருத்துவப் படிவத்தில் எதையும் மறைக்காதீர்கள். ஒவ்வாமை, ஆஸ்துமா, தூக்கத்தில் நடப்பது, படுக்கையை நனைப்பது எதுவானாலும் எழுதுங்கள். தெரிந்தால்தான் பொறுப்பாளர் பிள்ளையின் மானம் காத்து உதவ முடியும்.

பொருட்களுக்காக அதிகம் செலவழிக்க வேண்டியதில்லை. காலணி மட்டும் பழகியதாக இருக்க வேண்டும். புதுக் காலணியோடு வருபவன் முதல் நடைப்பயணத்திலேயே கொப்புளத்தோடு உட்கார்ந்துவிடுவான். உடல் வெப்பத்தைத் தரை உறிஞ்சிக்கொள்வதால், அடியில் விரிக்கும் மெத்தைப்பாய், மேலே போர்த்துவதைவிட முக்கியம். நனைந்த பருத்தித் துணி எளிதில் உலராமல் உடலைக் குளிர வைக்கும் என்பதால், குளிரான இடமென்றால் கம்பளியோ செயற்கை இழையோ கொண்ட மேலாடையும் காலுறையும் தேவை. மழைக்கோட்டு, கைவிளக்கு, ஊதல், தண்ணீர்ப் புட்டி, தட்டு, குவளை, தூங்கும்போது மட்டுமே அணியும் ஓர் உலர்ந்த உடை. மருந்துகளைப் பையில் வைக்காமல் பொறுப்பாளர் கையில் கொடுங்கள். மொத்தச் சுமை அவனுடைய எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பையை அவனே அடுக்கட்டும். நீங்கள் அழகாக மடித்து வைத்தால், எது எங்கே இருக்கிறது என்று அவனுக்குத் தெரியாது. முதல் இரவு மழையில் கைவிளக்கைத் தேடி முழுப் பையையும் ஈரத் தரையில் கொட்டுவான். புறப்படுவதற்குச் சில நாட்களுக்கு முன், அறையின் விளக்கை அணைத்துவிட்டு, கைவிளக்கையும் மழைக்கோட்டையும் காலுறையையும் தடவியே எடுக்கச் சொல்லிப் பாருங்கள். பிள்ளைகளுக்கு இது விளையாட்டாகவும் இருக்கும், பையை இரண்டாம் முறை அவர்களாகவே மாற்றி அடுக்கவும் தொடங்குவார்கள். கூடவே, தட்டைத் தானே கழுவுவது, ஈரத் துணியைக் கொடியில் போடுவது, தலையணை இல்லாமல் படுப்பது ஆகியவற்றையும் இப்போதிருந்தே பழக்கினால் முகாமின் முதல் நாள் அவனுக்குப் பாதி இலகுவாகிவிடும்.

திறன்களில் தேறுபவர்களுக்குத் தரும் சின்னங்களைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் முகாமின் நடுவில் பெற்றோர் பலர் கேட்பதால் சொல்கிறேன். எத்தனை தகுதிச் சின்னங்களோடு வருவான் என்று அவனிடம் பேச வேண்டாம். முதல் முகாமில் சின்னம் எதுவும் கிடைக்காமல் திரும்பினாலும் குறையில்லை. சின்னத்துக்காக ஓடும் பிள்ளை, முக்காலியை நிறுத்துவதை விட்டுவிட்டுக் கையெழுத்து வாங்கும் அட்டையைத் தூக்கிக்கொண்டு அலைவான்.

ஒரு வாரம் இப்போதைக்கு அதிகம் என்று அவனே தெளிவாகச் சொன்னால், அவனுடைய படை வார இறுதியில் நடத்தும் ஓரிரவு முகாமுக்கு முதலில் அனுப்பிப் பார்க்கலாம். இதில் இழப்பு ஏதுமில்லை. அழைத்துவரப் போகும் நாளில், குறித்த நேரத்துக்கு முன்பே போய் அவனை இழுத்துக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள். அன்று காலை அணிக்கு நிறைய வேலை இருக்கும்: கட்டுகளை அவிழ்த்துக் கயிறுகளைச் சுருட்ட வேண்டும், சாம்பலில் தண்ணீர் ஊற்றிக் கையால் தொட்டுச் சூடு போயிருக்கிறதா என்று பார்க்க வேண்டும், தோண்டிய குழிகளை மூட வேண்டும், வரிசையாக நின்று தரையில் கிடக்கும் கடைசிக் காகிதத் துண்டு வரை பொறுக்க வேண்டும். ஈரமான கூடாரத்தை அப்படியே மடித்து வைத்தால் பூஞ்சை பிடித்துவிடும் என்பதால், ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கூடாரத்தைக் காய வைக்கக் கொடுத்தனுப்பும் படைகளும் உண்டு. வாகனத்தில் அதற்கு இடம் வைத்துக்கொண்டு போங்கள்.